எண்ண ஆளில்லாத தண்டால்

குடியிருப்போர் சங்கச் செயலாளரே, காலரா வந்தபோது நீங்கள் தப்பான இடத்தைப் பூட்டினீர்கள். திருமுல்லைவாயிலில் எங்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பூட்டுப் போட்டீர்கள். சாக்கடை கலந்த தெருக்குழாயைத் திறந்தே விட்டீர்கள்.

அந்தக் கூடத்துக்குத் தினமும் ஒரு லேத் ஆபரேட்டர் வருவார். வழுக்கைத் தலை, அகன்ற தோள், குச்சிக் கால். அங்கே ஒருவர் தண்டால் எடுத்தால் இன்னொருவர்தான் எண்ண வேண்டும். தானே எண்ணினால் கணக்கில் சேராது.

பூட்டிய நான்காம் நாள் காலை, கூடத்து வாசலில் மண்ணில் கைகளை ஊன்றியபடி அவர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணாத்தே, கிட்ட வராத. அங்கியே நின்னுகினு எண்ணு."

"இன்னா நைனா, ஊட்லயே எடுத்து நீயே எண்ணிக்கக் கூடாதா?"

"ஊட்ல நாள் பூரா என் கொரலத்தான் கேட்டுகினு கீறேன்."

எனக்கு நோய் பயம். இருபதுவரை எண்ணிவிட்டு நழுவினேன். திரும்பிப் பார்த்தேன். அவர் கைகளை மடக்காமல் இருபத்தொன்றுக்காகக் காத்திருந்தார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

காலரா போய் ஆறு மாதம் ஆகிறது. கூடத்தில் உங்கள் மகனின் பந்தல் சாமான்கள் கிடக்கின்றன. பூட்டு ஏன் இன்னும் தொங்குகிறது? பொதுக்கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்லுங்கள். இருபதோடு நான் ஓடியதற்கு நானும் அங்கேயே பதில் சொல்கிறேன்.