காலி என்று நான் சொன்ன டிஸ்க்

டிஸ்க் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தவன் நான். இன்றைக்கும் பெரும்பாலும் அப்படித்தான் நம்புகிறேன். யுனிக்ஸ், லினக்ஸ் என்று எந்த சர்வரைக் கொடுத்தாலும் எந்த டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது, யார் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காபி ஆறுவதற்குள் சொல்லிவிடுவேன். அதனால்தான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மெயின்ஃப்ரேம் என்கிற பெருங்கணினியின் டிஸ்க்குகளையும் எங்கள் தென்காசி கிளை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தபோது மற்றவர்கள் முழிக்க, நான் மட்டும், "டிஸ்க் டிஸ்க்தான, வரட்டும்" என்றேன்.

என்னோடு சேர்த்துவிடப்பட்டவள் சுரண்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பெண். வயதில் என்னில் பாதி. ஆனால் கல்லூரி முடித்த நாளிலிருந்து மெயின்ஃப்ரேம் மட்டுமே பார்த்தவள். ஒப்பந்த வேலை. அந்த மாதக் கடைசியில் அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று சென்னையிலிருக்கும் மேலாளர் முடிவெடுக்க இருந்தார். அந்த வேலையை நம்பித்தான் அவள் வீடு இருந்தது என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மெயின்ஃப்ரேம்மீது முதல் நாளே எனக்குக் கோபம் வந்தது. எங்கள் சர்வர்களில் ஒரு ஃபைல் எழுத எழுத வளரும். டிஸ்க்கில் இடம் இருக்கிறவரை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இங்கே ஃபைலை உருவாக்கும்போதே இத்தனை சிலிண்டர் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். சிலிண்டர் என்பது டிஸ்க்கின் இடத்தை அளக்கும் அளவு. கேட்ட இடம் அந்த ஃபைலுக்கே ஒதுங்கிவிடும், உள்ளே ஓர் எழுத்துகூட இல்லாவிட்டாலும்.

"பிள்ளை பொறக்குமுன்னே பள்ளிக்கூடத்துல பெஞ்சு வாங்கிப் போடுவாவளாக்கும்" என்று கேலி செய்தேன்.

அவள் சிரித்தாள். "போடலைன்னா பிள்ளை தரையிலல்லா உக்காரணும், அண்ணாச்சி?"

இரண்டாவது வாரம் ஒரு டிஸ்க் நிரம்பப்போகிறது என்று எச்சரிக்கை வந்தது. துழாவியதில் குற்றவாளி அகப்பட்டது. மூவாயிரம் சிலிண்டரைப் பிடித்துவைத்துக்கொண்டு அதில் பத்தைக்கூடப் பயன்படுத்தாத ஒரு ஃபைல். மிச்சத்தை விடுவித்துவிடலாம் என்றேன்.

"அவசரப்படாதிய, அண்ணாச்சி. யாரோ காரணமாத்தான் பிடிச்சு வச்சிருக்காவ. கேட்டுட்டுச் செய்வோம்."

"காலியா கெடக்கதைக் காலின்னு சொல்ல யாரைக் கேக்கணும்? நான் பாக்காத டிஸ்க்கா?"

எங்கள் விதிப்படி ஒருவர் செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். கட்டளையை நான் எழுதி அவள் திரைக்கு அனுப்பினேன். அவள் தயக்கத்தோடு ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள். என் அனுபவத்தை மதித்து அல்ல, என் குரலுக்குப் பயந்துதான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு மீசையை முறுக்கத்தான் தோன்றியது. விடுவித்த இடத்தை மற்ற ஃபைல்கள் நாலே நாளில் பங்குபோட்டுக்கொண்டன.

மாதக் கடைசி சனிக்கிழமை. குற்றாலத்தில் நல்ல சாரல். காலையிலேயே தலையில் எண்ணெய் வழிய ஐந்தருவி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த போன் அடித்தது.

"அண்ணாச்சி, மெயின்ஃப்ரேம்ல மாசக் கடைசிக்கு ஓடுத ஜாப் பாதியில விழுந்துட்டு. எழுத இடமில்லைன்னு சொல்லுது. அந்த மூவாயிரம் சிலிண்டர் ஃபைலுதான்."

பாலிசி எடுத்தவர்களுக்குப் போகவேண்டிய கடிதங்கள் அத்தனையும் மாதத்தில் ஒரே ஒரு நாள் அந்த ஃபைலில் எழுதப்படுமாம். அச்சுக்குப் போனதும் அடுத்த மாதம் வரை அது வெறுமனே கிடக்குமாம். அந்த வெறும் நாட்களில்தான் நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

அருவியில் தலை நனைக்காமலே ஓடிவந்து தென்காசி பஸ்ஸில் ஏறினேன். சீசன் கூட்டம். ஜன்னலோரம் ஒரு சீட்டில் மட்டும் ஆளில்லை, ஈரத் துண்டு ஒன்று கிடந்தது. உட்காரப்போனேன்.

"துண்டு கெடக்கது தெரியலையா? ஆளு வெளிய நிக்கான்லா!" என்று பின்சீட்டுக்காரர் அதட்டினார்.

வாயை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றேன். ஆயுள் முழுக்கத் துண்டு போட்டுச் சீட்டுப் பிடித்தவன் நான். ஜன்னல் வழியாக நான் போட்ட துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தவனோடு சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அந்த ஃபைல் போட்டுவைத்த துண்டை நானே எடுத்து வீசியிருக்கிறேன். நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

அலுவலகம் போனதும் மற்ற ஃபைல்களை வேறு டிஸ்க்குகளுக்கு நகர்த்தினோம். பழைய மூவாயிரம் சிலிண்டரையும் அப்படியே ஒதுக்கி, ஜாபை மறுபடி ஓட்டினோம். கட்டளைகளை அவள் சொன்னாள், நான் மறுபேச்சில்லாமல் தட்டினேன். மதியத்துக்குள் கடிதங்கள் அச்சுக்குப் போய்விட்டன.

அதற்குப் பிறகுதான் சென்னையிலிருந்து மேலாளர் அழைத்தார்; போனை ஸ்பீக்கரில் போட்டோம். "அந்த இடத்தை விடுவிக்க அப்ரூவல் கொடுத்தது யாரு?"

பதிவில் இருந்தது அவள் பெயர். "நான்தான் சார்" என்றாள்.

"மெயின்ஃப்ரேம் தெரிஞ்சவங்கன்னுதானே உங்களைப் போட்டோம்? இப்படி இருந்தா உங்களை நிரந்தரம் பண்றதைப் பத்தி நான் யோசிக்கணும்."

நான் சும்மா இருந்தால் போதும். மெயின்ஃப்ரேமுக்குப் புதியவன் என்று என்னை விட்டுவிடுவார்கள். ஒரு கணம் சும்மாவும் இருந்தேன். அதை எழுத இப்போதும் கை கூசுகிறது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மேஜை விளிம்பை மட்டும் இறுகப் பிடித்திருந்தாள்.

"சார், அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க. கேட்டுட்டுச் செய்யலாம்னும் சொன்னாங்க. நான்தான் கேக்க விடல. தப்பு என்னோடது."

"உங்ககிட்ட இதை எதிர்பார்க்கல" என்றார் மேலாளர். என் வேலையில் என்னிடம் அதுவரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. வலித்தது.

அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. பையை எடுத்து மாட்டிக்கொண்டு, "நீங்க அதட்டினிய, சரி. ஆனா அமுக்குனது என் விரல்லா? இனிமே அமுக்க மாட்டேன், அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அடுத்த வாரம் அவளுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. மெயின்ஃப்ரேம் டிஸ்க்குகளில் கடைசிச் சொல் இனி அவளுடையது என்று எனக்கும் ஒரு மெயில் வந்தது. அன்று மதியமே ஒரு பழைய ஃபைலை நீக்க அவளிடம் ஒப்புதல் கேட்டு அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் நிராகரித்துத் திருப்பி அனுப்பினாள். 'விவரம் போதாது' என்று எழுதியிருந்தாள்.

பக்கத்து மேஜையை எட்டிப் பார்த்தேன். நான் பார்ப்பது தெரிந்தும் தலை நிமிராமல், கொஞ்சமும் பயமில்லாமல், தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.