சிறுத்தைக்குப் பயந்து ஏறிய பைக்

சிறுத்தை ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். மில்லில் வேலை பார்க்கும் தேன்மொழியின் நாத்தனார் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் சொன்னாராம். பார்த்தது அவருமில்லை, அவருடைய மச்சினன். விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லுக்குக் காலை ஷிப்டு போகிற பெண்களுக்கு அது போதும். இருட்டு பிரியுமுன் கூட்டமாக நடந்து போனவர்கள் அவரவர் வீட்டு பைக்கில் ஏறிக்கொண்டார்கள்.

கெசியாவைக் கொண்டுபோய் விடும் வேலை அவள் கணவன் கிங்ஸ்டன் தலையில் விழுந்தது. ராத்திரி முழுக்க வாழைத்தார் லோடு அடித்துவிட்டு, லாரியை ஷெட்டில் போட்டு, அவளுக்காக அவசரமாக பைக்கில் வருவான். கண் கோவைப்பழமாக இருக்கும். பின்னால் உட்கார்ந்து அவள் வாய் ஓயாமல் பேசுவாள். சபைத் தகராறு, தக்காளி விலை, எதுவானாலும் சரி. நிறுத்தினால் அவன் தலை முன்னால் சாயும். மில்லுக்குள் நுழையும்போதே அவளுக்கு ஒரு ஷிப்டு முடிந்த அலுப்பு.

வியாழக்கிழமை பைக் சாலையை விட்டிறங்கி வாய்க்கால் கரை விளிம்பில் போய் நின்றது.

“நாய் குறுக்க வந்துட்டு,” என்றான்.

எந்த நாயும் வரவில்லை.

“தூங்கிட்டிய. நான் பைய நடந்தே போயிக்கிடுதேன், நீங்க படுங்க.”

“சிறுத்த அடிச்சுப் போட்டா நான் என்னட்டி செய்ய?”

தேன்மொழியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். “ஒன்னத் தின்னா அதுக்குப் பல்லு பூரா பஞ்சுதாம்ட்டி ஒட்டும்.” ஆனால் கூட நடந்து வருகிறாயா என்றதற்கு அவளும் தலையாட்டவில்லை.

இழை அறுந்த இடத்தை முடிந்துகொண்டே கெசியா யோசித்தாள். பைக்கில் போய் விழுந்து செத்தார்கள் என்று இந்த ஊரில் எத்தனை சாவு வீட்டுக்குப் போயிருக்கிறாள். சிறுத்தை அடித்தது என்று ஒரு வீட்டுக்கும் போனதில்லை. இருந்தும் கனவில் வருவது சிறுத்தைதான். பைக் வாசலில் நிற்கிறது, அதன் மேல் துண்டு காய்கிறது. அதைப் பார்த்து எப்படிப் பயப்படுவது?

சனிக்கிழமை கிங்ஸ்டன் வருமுன்னே டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பயம் ஒன்றும் போகவில்லை. சருகு அசைந்தால் டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பினாள். பயத்தையும் கூட்டிக்கொண்டே நடந்தாள்.

தெருமுனை தாண்டியதும் போன் போட்டாள். வர வேண்டாம், ஷெட்டிலேயே படுங்கள் என்று சொல்ல வேண்டும். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதீர்கள் என்று கண்டித்தவளும் அவள்தான். படுத்துவிட்டானா, பேச்சுக் கொடுக்க ஆளில்லாமல் பைக்கில் வந்துகொண்டிருக்கிறானா?

மறுபடி போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது.