ரத்தினம் ஓடவைத்த ஃபைல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண வீடியோ எடுக்கும் ரத்தினத்துக்கு ஒரு பெருமை உண்டு. தன் கடைக்கு வந்த எந்த ஃபைலும் ஓடாமல் திரும்பிப் போனதில்லை என்பதுதான் அது. பழைய கேசட், கீறல் விழுந்த சிடி, உயிர் போன போனிலிருந்து உருவிய துண்டு வீடியோ, எதுவானாலும் இரண்டு நாளில் ஓடவைத்துவிடுவார். மனுஷன் நல்லவர்தான். ஆனால் நல்லவர் நல்லவர் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அந்த ஆனி மாசம் அவர் செய்ததைச் சொல்ல வாய் வராது.

ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்க்கும் குருவம்மாள் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள். அவள் மகன் விக்னேஸ்வரனுக்கு இருபத்திரண்டு வயது. சுந்தரபாண்டியத்தில் ஒருவனை வெட்டிய கேசில், ஐந்து பேரோடு ஆறாவதாக அவன் பெயரையும் எழுதி உள்ளே தள்ளிவிட்டார்கள். வெட்டு விழுந்தது சாயங்காலம் நாலு மணிக்கு. அந்த நேரத்தில் அவன் ராஜபாளையத்தில் ஒரு பெயின்ட் கடையில் டப்பா இறக்கிக்கொண்டிருந்தான். கடை கேமராவில் அது பதிவாகியிருந்தது. முதலாளியும் மனசு வைத்துப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டார். பாழாய்ப்போன ஃபைல்தான் எதிலும் ஓட மாட்டேன் என்றது.

“ஏழு கடை ஏறி எறங்கிட்டேன் தம்பி. எல்லாரும் ஃபைல் கெட்டுப்போச்சுங்காக. வக்கீலம்மா கம்ப்யூட்டர்லயும் தொறக்கல. திங்கக்கெழம ஜாமீன் மனு வருது.”

“கெட்டுப்போகலக்கா. இதுக்குன்னு ஒரு கோடெக் இருக்கும், அது இல்லாமத் தொறக்காது. வச்சுட்டுப் போங்க.”

கேமரா பார்த்ததைப் பதிந்து வைக்கிற பெட்டியைச் செய்யும் கம்பெனி ஒவ்வொன்றும் படத்தைத் தன் இஷ்டத்துக்குச் சுருட்டி வைக்கும். சுருட்டியதைப் பிரிக்கிற புரோகிராம்தான் கோடெக். ரத்தினம் ஒன்றை இறக்கிப் போட்டார். லாரி ஹாரன் கேட்டது, திரை முழுக்கப் பச்சை. இன்னொன்றைப் போட்டார், கோடு கோடாக வந்தது. மூன்றாவது போட்டதில் கம்ப்யூட்டரே நின்றுபோனது. விடுவாரா? மறுநாள் காலையில் ராஜபாளையம் பஸ் ஏறி, அந்தப் பெயின்ட் கடையில் ஸ்டூல் போட்டு ஏறி, கேமரா பெட்டியின் முதுகில் அப்பியிருந்த தூசியைத் துடைத்து மாடல் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

“பெட்டியில இன்னும் அந்தப் பதிவு இருக்கா?” என்று கேட்டார்.

“பன்னெண்டு நாள்ல அதுவா அழிஞ்சிரும். அந்த அம்மாட்ட கொடுத்தேன்ல, அதான் மிச்சம்,” என்றார் முதலாளி. இதை ரத்தினம் தன் காதால் கேட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டிருந்தது. ஏதோ ஒரு ஊர் மொழியில் இருந்த இன்டர்நெட் பக்கத்தில் அதன் பிளேயர் மட்டும் கிடந்தது. சனிக்கிழமை மத்தியானம் அதைப் போட்டதும் படம் கண்ணாடியாக ஓடியது. விக்னேஸ்வரன் தோளில் டப்பாவோடு வந்தான். மேலே வெள்ளை எழுத்தில் தேதியும் நேரமும் ஓடின. ஓரிடத்தில் நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்த்தான்.

போன் போட்டதும் குருவம்மாள் பாதி ஷிப்டில் சொல்லிவிட்டு ஓடிவந்தாள்.

“எம்புள்ளதான். மேல பதினாறு ஏழுன்னு ஓடுதே, அது என்ன தம்பி?”

“நேரம்க்கா. பதினாறு ஏழுன்னா சாயங்காலம் நாலு மணி ஏழு நிமிஷம்.”

“நாலு ஏழு,” என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் களை வந்தது. “இப்பவே கொடுங்களேன், கொண்டுபோறேன்.”

“அப்படியே கொடுத்தா கோர்ட்ல ஓடாதுக்கா. நல்லா பண்ணித் தாரேன். திங்கக்கெழம காலைல வாங்கிக்கங்க.”

அட பாவி மனுஷா, அந்தப் பிளேயரையும் பென்டிரைவிலேயே ஏற்றி அப்படியே கொடுத்திருந்தால் போதாதா? கல்யாண வீடியோ செய்து பழகிய கை சும்மா இருக்குமா? எல்லா இடத்திலும் ஓடும்படி ஃபைலை மாற்றினார். வெளிச்சத்தைக் கூட்டினார். பையன் நிமிர்ந்து பார்க்கிற இடத்தை, மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கிற இடத்தைச் செய்வதுபோல, மெதுவாக ஓடவிட்டார். தொடக்கத்தில் பூ விரிந்து ‘ரத்தினம் டிஜிட்டல்ஸ்’ வந்தது. யார் பென்டிரைவ் வந்தாலும் உள்ளே இருப்பதை அழித்து ஃபார்மட் அடிப்பது அவர் கடை வழக்கம்; இதையும் அடித்து, புது ஃபைலை ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு இடம் வேண்டுமென்று கம்ப்யூட்டரில் இருந்ததையும் துடைத்துவிட்டார். வெள்ளை எழுத்தில் ஓடிய அந்த நேரம் படத்தில் பதிந்ததல்ல, பிளேயர் மேலே ஓட்டிக் காட்டியது. ஃபைலை மாற்றியபோது அது போயே போய்விட்டது. ரத்தினம் கலர் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தார்.

திங்கட்கிழமை குருவம்மாள் கொண்டுவந்து கொடுத்ததை வக்கீல் பியூலா தன் ஆபீசில் போட்டுப் பார்த்தார்.

“டைம் எங்கம்மா? தேதியக் காணோம். பூ விரியுது, பையன் ஸ்லோமோஷன்ல வாரான். இதக் கொண்டுபோயி நான் என்னன்னு காட்டுவேன்?”

மனு தள்ளுபடியானது. பியூலா ரத்தினத்துக்குப் போன் செய்தார். ஒரிஜினல் எங்கே என்று கேட்டபோது, துடைத்துவிட்டதை அவர் சொல்ல வேண்டியதாயிற்று. பெயின்ட் கடை முதலாளியால் மணியை உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, ஒரிஜினலில் நேரத்தைப் பார்த்ததையும் அது அழிந்த விதத்தையும் நீங்கள் எழுதிக் கொடுத்துச் சாட்சி சொல்ல வேண்டும் என்றார் பியூலா.

“எம்மேல கேஸ் வருமா மேடம்?”

“ஏன் அழிச்சீங்கன்னு கேப்பாங்க. பதில் சொல்லித்தான் ஆகணும்.”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். நன்றாகத்தான் யோசித்தார். போலீஸ் ஸ்டேஷன், வாய்தா, ஊர் சிரிக்கும் சிரிப்பு, வரிசையாகக் கையை விட்டுப் போகும் கல்யாண ஆர்டர்கள். அதில் விக்னேஸ்வரன் மட்டும் இல்லை.

புதன்கிழமை குருவம்மாளே கடைக்கு வந்தாள்.

“தெரியாமச் செஞ்சிட்டீக, போகட்டும். பாத்ததச் சொன்னாப் போதும் தம்பி. பெத்தவ நான் சொன்னா எடுபடாதாம்.”

ரத்தினம் திரையில் ஒரு கல்யாணப் பெண்ணின் கன்னத்துக்கு நிறம் ஏற்றிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“நேரமெல்லாம் நான் கவனிக்கலக்கா.”

“பதினாறு ஏழுன்னா நாலு ஏழுன்னு நீங்கதான தம்பி சொன்னீக?”

“வேல மும்முரத்துல ஏதாச்சும் சொல்லியிருப்பேன். ஞாபகம் இல்ல.”

அவள் கத்தவில்லை. போகவும் இல்லை. அவள் நிற்பது பொறுக்காமல் அவரே வாயைத் திறந்தார்.

“வேணும்னா பென்டிரைவக் கொடுங்க. அந்தப் பூவையும் ஸ்லோமோஷனையும் எடுத்துத் தாரேன்.”

“வேண்டாம் தம்பி, இருக்கட்டும். எங்க வீட்டு டிவில நல்லா ஓடுது. அவன் மொகம் அந்த எடத்துலதான் கூடச் செத்த நேரம் நிக்குது.”

சொல்லிவிட்டு ராஜபாளையம் பஸ்ஸுக்குப் போனாள். விக்னேஸ்வரன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.