இறங்கும் முடக்கு

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் மேல் டிவிசனுக்குப் போகும் பாதையில் ஒரு முடக்கு இருக்கிறது. பாதை அந்த இடத்தில் சட்டென்று வளைந்து, வளைந்த கையோடு செங்குத்தாக ஏறும். பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. எல்லோரும் அதை இறங்கும் முடக்கு என்பார்கள். என் கார் அங்கே வந்ததும் உள்ளே இருப்பவர்கள் தாமாகவே கதவைத் திறந்து இறங்கிவிடுவார்கள். நான் வெறும் காரை உறுமவிட்டு மேலே கொண்டுபோய் நிறுத்துவேன். அவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே நடந்து வந்து மறுபடி ஏறிக்கொள்வார்கள். கல்யாணப் பெண் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரும் நடந்திருக்கிறார்கள். யாரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் மானம் போகும்.

கார் என்னுடையது. வாடகைக்கு ஓட்டுகிறேன். மூன்று பிஸ்டன் உள்ள எண்ணூறு சிசி எஞ்சின், அதுவும் வயதானது. நான் ஒருவன் மட்டும் இருந்தால் முடக்கில் ஏறும். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் மூச்சு நின்றுவிடும்.

என் மனைவிக்குப் பிள்ளைமடுவத்தில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். ஒரு மழை நாளில் மடுவத்துப் படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர் சொல்லும்வரை அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. அதனால் டவுனில் இருக்கும் அவளுடைய அக்கா வீட்டில் விட்டிருந்தேன். இறக்கத்தில் என் கார் ராஜா மாதிரி போகும். அவளைக் கீழே கொண்டுபோனதில் ஒரு சிரமமும் இல்லை. திரும்பக் கொண்டுவருவதில்தான் சிக்கல். ஆட்டோவில் காலை நீட்ட முடியாது. வேன் அந்த முடக்கில் திரும்பாது.

எங்கள் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழ் வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் நல்லவர்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம் என்றார்கள். அதை நான் அக்கா வீட்டில் போய்ச் சொன்னதும் என் மனைவிக்கு வந்ததே கோபம்.

"நாலு பேரு தூக்கிட்டுப் போறது ஒரே ஒரு தடவதாங்க. அதுக்கு இன்னும் நாளிருக்கு. ஒங்க கார்ல கொண்டு போய் வீட்டு வாசல்ல எறக்குங்க. இல்லாட்டி நான் இங்கேயே கெடக்கேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. அக்கா எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் அது அக்கா வீடு. எனக்கும் வீடு வீடாக இல்லை. சத்தம் போட ஆளில்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை.

அங்கிருந்து நேராக நானாவின் கராஜுக்குப் போனேன். பதுளை பஸாரைத் தாண்டி ஆற்றுப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் மெக்கானிக் அவர். பல வருடப் பழக்கத்தில் எனக்கு அண்ணன் மாதிரி, அதனால்தான் நானா. பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு என்ன மருந்து குடுத்தாலும் பஸாருக்குள்ளதான் ஓடும். எஞ்சினயே மாத்தணும்" என்றார்.

விபத்தில் பின்பக்கம் நசுங்கிய ஒரு பெரிய காரிலிருந்து, நாலு பிஸ்டன் உள்ள ஆயிரத்து முந்நூறு சிசி எஞ்சினைக் கியர்பெட்டியோடு எடுத்தார். பெரிய எஞ்சின் சின்னக் காருக்குள் உட்கார மறுத்தது. தாங்கும் இரும்புகளை வெட்டி, புதிதாக ஒட்டவைத்தார். ரேடியேட்டரைப் பெரிதாக்கினார். இடம் போதாமல் பேட்டரி டிக்கிக்குப் போயிற்று. முன்பக்கம் பாரத்தில் குனிந்துகொள்ள, ஸ்பிரிங்கை மாற்றினார். பிரேக்கையும் பெரிதாக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஏறினால் போதும், பிரேக் எதற்கு என்றேன். "ஏறுன ஆளு எறங்க வேணாமா?" என்றார். எஞ்சின் நம்பரை மாற்றிப் பதிவதற்கு அலைந்தது தனிக்கதை. அதைச் சொன்னால் எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கும்.

நானா டியூன் செய்து முடித்த அன்று பதுளை வீதிகளில் ஓட்டிப் பார்த்தேன். ஆக்சிலரேட்டரில் காலை வைத்ததும் பாய்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்ற எங்கள் டிவிசன் ஆட்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டேன். "இன்னிக்கி யாரும் எறங்க வேணாம். சும்மா ஒக்காந்து வாங்க" என்று வழி நெடுக அளந்துகொண்டே போனேன்.

பாதி மலை வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. அதற்கு மேலே இருமத் தொடங்கியது. இறங்கும் முடக்கில் ஏறும்போது பின்னால் அடுப்புப் புகை மாதிரி கறுப்பாகக் கக்கிவிட்டு நின்றே போயிற்று. மூன்று பேரும் கதவைத் திறந்து இறங்கினார்கள். "பரவால்லங்க, நடந்துதானே பழக்கம்" என்றார் ஒருவர். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது.

அவரை விட்டுவிட்டு நானாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, ஒங்க வீடு எவ்வளவு ஒசரத்துல இருக்கு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மலை ஏற வேண்டும் என்று ஆயிரம் தடவை சொன்ன நான், எவ்வளவு மேலே என்று சொல்லவே இல்லை. ஏற வேண்டுமே என்று அவரும் நல்லெண்ணத்தில் பெட்ரோலைத் தாராளமாக விட்டு டியூன் செய்திருக்கிறார். பதுளைக் காற்றுக்கு அது சரி. மேலே காற்று மெலிசு. அத்தனை பெட்ரோலை எரிக்க அது போதாமல் எஞ்சின் திணறியிருக்கிறது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானா கீழே மெயின் ரோட்டில் வந்து இறங்கி, முடக்குக்கு நடந்தே வந்தார். கம்பளித் தொப்பி, மேலே மஃப்ளர், கையில் சாமான் பை. "இந்தக் குளிர்ல மனுசன் இருப்பானா?" என்று திட்டிக்கொண்டே முடக்கில் வைத்தே கார்புரேட்டரைக் கழற்றினார். பெட்ரோல் போகும் துளை சின்னதாக உள்ள ஜெட்டை மாட்டினார். ஸ்குரூவைத் திருகி, காதைச் சாய்த்துக் கேட்டு, மறுபடி திருகினார். கொழுந்துக்குப் போன பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "மாப்பிள்ளைக்கு மூச்சு வந்துருச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். காரைக் கேட்டாளா, என்னைக் கேட்டாளா என்று தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானாவும் சேர்ந்து.

பாரத்தோடு பார்க்க வேண்டுமே என்று முதல் நாள் நடந்த அதே மூன்று பேரைப் பின்னால் ஏற்றினோம். நானா முன்னால் உட்கார்ந்தார். கீழே போய்த் திரும்பி வந்தோம். முடக்கில் கியரை இறக்க வேகத்தைக் குறைத்தேன். பின்கதவுகள் படபடவென்று திறந்தன. மூன்று பேரும் இறங்கி ஓரமாக நின்றுகொண்டு, மேலே போங்க போங்க என்று கையைக் காட்டினார்கள்.

"யா அல்லாஹ்! ஒங்கள ஏத்தத்தானே எஞ்சின் போட்டிருக்கு! ஏன் எறங்குறீங்க?" என்று நானா கத்தினார்.

"பழக்கம்ங்க" என்றார் அதே ஆள்.

மறுபடி கீழே போனோம். இந்தத் தடவை நானா திரும்பி உட்கார்ந்து இரண்டு பின்கதவையும் எட்டிப் பிடித்துக்கொண்டார். கார் முடக்கை வளைத்து ஏறி மேலே வந்து நின்றது. நானா கதவுகளை விட்டார். பிறகு பின்னாலிருந்தவர்களில் ஒருவர், "அட, இவ்வளவுதானா!" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளாமல் காரைவிட்டு இறங்கி, டயரைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன்.

அன்று மத்தியானமே நானாவைக் கராஜில் விட்டுவிட்டு என் மனைவியைக் கூட்டிவரப் போனேன். முன்சீட்டைச் சாய்த்துத் தலையணை வைத்து, காலை நீட்டி உட்காரவைத்தேன். வழியெல்லாம் அவள் எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மடுவத்துப் பிள்ளைகளைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள். முடக்கு நெருங்கியதும் அவள் கை கதவுப் பிடிக்குப் போயிற்று.

"கைய எடு" என்றேன்.

முடக்கின் அடியில் எங்கள் லயத்து ஆட்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் தலையில் பிளாஸ்டிக் நாற்காலி. புது எஞ்சினை நம்பவில்லை போலிருக்கிறது. எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. அப்படியே விட்டுக்கொண்டு போய்விட வேண்டும் என்று காலை அழுத்தினேன்.

"நிறுத்துங்க" என்றாள்.

"இங்கயா? நிறுத்தினா மறுபடி எடுக்கிறது கஷ்டம்."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல."

நிறுத்தினேன். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"என்னத் தூக்கவா வந்தீங்க?" என்று கேட்டாள். நாலு பேரும் அசடு வழியச் சிரித்தார்கள். "சரி, ஏறுங்க பின்னால."

இறங்கும் முடக்கில் ஏறச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அவளைப் பார்த்தேன். அவள் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பேரும் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். நாற்காலியை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டார்கள். கைப்பிரேக்கை விட்டேன். கார் ஒரு சாண் பின்னால் போயிற்று. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியது.

லயத்து வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். யாரோ ஒருத்தி, "எப்படி வந்தீங்க, தூக்கிட்டா வந்தாங்க?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றாள் என் மனைவி. "நாலு பேரையும் நான்தான் தூக்கிட்டு வந்தேன்."