ஆர்.சி.யில இல்லாத பதினஞ்சு கிலோ

அன்னிக்கி எடை மேடைகிட்ட இருந்தது நான். என் பொண்டாட்டி கஸ்தூரி. அவ தம்பி ஏழுமலை, மெக்கானிக்கு. கார் புரோக்கர் பாஷா பாய். அவ்வளவுதான். வண்டிய விக்கிறவரு வரல. சாவிய மட்டும் பாய்கிட்ட குடுத்து அனுப்பி இருந்தாரு. ஏன் வரலனு அப்ப நான் கேக்கல.

யாரு யாரு இருந்தாங்கனு முதல்லயே சொல்லிட்டேன். நான் பொய் சொல்றேனு தோணுச்சுன்னா மீதி மூணு பேரைக் கேட்டுக்கலாம். பேயி, காத்து, கருப்பு எதையும் நான் நம்பினது இல்ல. படிச்சது எட்டாவது. இருவத்தாறு வருஷமா அவலூர்பேட்டை ரோட்டுல எடை மேடையில வேலை. நெல்லு லாரி ஏறும், மல்லாட்டை லாரி ஏறும், ஜல்லி லாரி ஏறும். டிரைவர் ஒரு கணக்கு சொல்லுவான், வியாபாரி ஒரு கணக்கு சொல்லுவான். மேடை என்னா காட்டுதோ அதத்தான் நான் ரசீதுல போடுவேன். சாமி விஷயத்துல கூட நான் அப்படித்தான். கோயிலுக்கு கஸ்தூரி போவா, நான் வெளிய செருப்புக்கு காவல் நிப்பேன்.

கஸ்தூரிக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துக்கு ரெண்டு நாளு டயாலிசிஸ். எங்க வீடு அடி அண்ணாமலையில, ஆஸ்பத்திரி டவுனுக்கு அந்தப் பக்கம். போவும்போது ஷேர் ஆட்டோல போயிடுவா. திரும்பி வர்றதுதான் கஷ்டம். மிஷின்ல இருந்து எடுத்ததும் புழிஞ்சு போட்ட துணி மாதிரி ஆயிடுவா. ஒரு நாளு ஆட்டோல இருந்து அப்படியே சாஞ்சு ரோட்டுல விழுந்துட்டா. பின்னாடி பஸ்ஸு. எப்படித் தப்பிச்சானு தெரியல. அன்னிக்கே ஏழுமலைகிட்ட சொன்னேன், பின் சீட்டுல கால நீட்டிப் படுக்கிற மாதிரி ஒரு கார் பாருடானு. சின்ன காரு வேணாம், பின்னாடி டிக்கி வச்சதுனு.

பாய் ஒண்ணு கொண்டாந்தாரு. வெள்ளி கலரு. அஞ்சு வருஷம் ஓடுனது, ஒரே ஆளு கை. விலையும் மார்க்கெட்டை விட கம்மி. ஏழுமலை பானெட்டைத் தூக்கி, ஆயிலை மோந்து, கீழ படுத்துப் பாத்து, இஞ்சின் சுத்தம் மாமானுட்டான்.

மேடையில ஏத்துனு சொன்னேன்.

இது எங்க தொழில்ல இருக்கிறவங்க பழக்கம். ஆர்.சி. புக்குல வண்டியோட வெறும் எடை போட்டிருக்கும். அடிபட்ட வண்டின்னா பட்டி வச்சுப் பூசி இருப்பான், உள்ள ஒட்டுத் தகடு அடிச்சிருப்பான். கண்ணுக்குத் தெரியாது. மேடையில ஜாஸ்தி காட்டும். பாய்க்கு ஒரே சிரிப்பு. பொண்ணு பாக்க வந்த எடத்துக்கு தராசு எடுத்துட்டு வந்த ஆளு நீங்க ஒருத்தருதான்ணேனு சொன்னாரு.

நல்ல மத்தியானம். லாரி எதுவும் இல்ல. ஏழுமலை வண்டிய நடுவுல நிறுத்திட்டு இறங்கி வந்துட்டான். ஆர்.சி.யில இருக்கிறது ஆயிரத்து நூத்திப் பத்து. டேங்குல கால் வாசி பெட்ரோலு, அதுக்கு ஒரு பத்து கிலோ. ஆயிரத்து நூத்தி இருவது காட்டணும். எங்க மேடை அஞ்சு அஞ்சு கிலோவாத்தான் காட்டும், ஆனா அஞ்சு கூட தப்பாது.

ஆயிரத்து நூத்தி முப்பத்தஞ்சு காட்டுச்சு.

பதினஞ்சு ஜாஸ்தி. பாய் முகம் மாறிடுச்சு. அல்லா மேல ஆணையா அடிபட்ட வண்டி இல்லணேன்னாரு. ஏழுமலை காந்தம் எடுத்துட்டுப் போய் பாடி பூரா ஒட்டிப் பாத்தான். எங்கயும் பட்டி இல்ல. ஜாக்கி, ஸ்டெப்னி, மிதியடி எல்லாத்தையும் எடுத்துக் கீழ வச்சோம். அதோட எடை மட்டும் குறைஞ்சுது. திரும்ப வச்சதும் அதே முப்பத்தஞ்சு. மேடை மேல சந்தேகம் வந்து வண்டிய எடுக்கச் சொல்லி, இருவது கிலோ எடைக்கல்ல வச்சுப் பாத்தேன். இருவதுதான் காட்டுச்சு. திரும்ப வண்டிய ஏத்துனோம். முப்பத்தஞ்சு.

அப்பதான் கஸ்தூரி முன் சீட்டு பெல்ட்டுல ஏதோ மாட்டி இருக்குதேன்னா. வேப்ப மரத்து நிழல்ல சேர் போட்டு உக்காந்திருந்தவ, அங்க இருந்தே கண்ணாடி வழியா பாத்திருக்கா. டிரைவருக்கு இடது பக்கத்து சீட்டு. பெல்ட் போடாம போறவங்க சத்தம் வராம இருக்க ஒரு கிளிப்பு சொருகி வைப்பாங்க இல்ல, அது. எல்லாரும் பண்றதுதானேனு பாய் சொன்னாரு. ஏழுமலை இடது கதவைத் தொறந்து அத உருவிட்டு, சாவிய ஒரு திருவு திருவிட்டு, கதவைத் தொறந்தபடியே விட்டுட்டு இறங்கி வந்தான்.

பெல்ட் சத்தம் அடிக்க ஆரம்பிச்சுது. யாருமே இல்லாத சீட்டுக்கு. டிக் டிக்குனு.

சென்சார் போயிருக்கும் மாமா, மாத்திக்கலாம்னான். நான் மேடை ரூம் மேல இருக்கிற செவப்பு நம்பரையே பாத்துகிட்டு இருந்தேன். சத்தம் நின்னுச்சு. அதே நேரம் நம்பர் மாறிச்சு. ஆயிரத்து நூத்தி இருவது.

மேடை மேல யாரும் இல்ல. நாங்க நாலு பேரும் கீழ இருக்கோம். காத்து கூட இல்ல. கதவு மட்டும் தொறந்து கெடக்குது. ஆர்.சி.யில என்னா இருக்குதோ அது, பெட்ரோலோட சேத்து, கிலோ சுத்தமா நிக்குது. பாய் வாயிக்குள்ள ஏதோ ஓதினாரு. ஏழுமலை என் கையப் புடிச்சான், கல்யாணம் ஆன ஆம்பள. அப்படியே நின்னோம். எவ்வளவு நேரம்னு தெரியல, ஒரு பீடி குடிக்கிற நேரம் இருக்கும். அப்புறம் வண்டி இடது பக்கம் லேசா தாழ்ந்துது. லாரியில ஆளு கிளீனர் சீட்டுல ஏறும்போது தாழுமே, அந்த மாதிரி, ஆனா கொஞ்சமா. நம்பர் முப்பத்தஞ்சுக்கு வந்துது. டிக் டிக்கு ஆரம்பிச்சுது.

"வேணாம்ணே," பாய் சொன்னாரு. "நானே வேணாங்கிறேன். வேற வண்டி காட்றேன்."

நானும் அதத்தான் சொல்ல இருந்தேன். திரும்பிப் பாத்தா கஸ்தூரி சேர்ல இல்ல. மெல்ல நடந்து போய் மேடையில ஏறி, அந்த சீட்டுலயே உக்காந்து, பெல்ட்ட இழுத்து மாட்டிட்டா. சத்தம் நின்னுச்சு.

"இதே இருக்கட்டுங்க," அப்படின்னா. "உக்கார நல்லா இருக்குது."

முப்பது வருஷத்துல அவ இது வேணும்னு கேட்டது கம்மி. வாங்கிட்டேன். சென்சாரு, மேடையில ஏதோ கோளாறு, அப்படினு மனசுக்கு சொல்லிகிட்டேன். ஏழுமலை ரெண்டு மாசம் எங்க வீட்டுப் பக்கமே வரல.

பின் சீட்டுல படுக்கத்தான் கார் வாங்குனது. அவ ஒரு நாளும் படுக்கல. முன் சீட்டுலதான் உக்காருவேன்னா. டயாலிசிஸ் முடிஞ்சு வரும்போதும் தலைய சாய்ச்சுகிட்டு, கை ரெண்டையும் மடியில கோத்து வச்சுகிட்டு வருவா. ஆட்டோல வந்தப்ப இருந்த வாந்தி இல்ல, மயக்கம் இல்ல. முகத்துல சிரிப்பு கூட இருந்துது. எனக்கு அது போதும்.

ஆஸ்பத்திரியில மிஷின்ல போடறதுக்கு முன்னாடி எடை பாப்பாங்க, எடுத்த அப்புறம் எடை பாப்பாங்க. கார் வாங்கும்போது அவ அம்பத்தஞ்சு. அஞ்சாறு மாசத்துல அம்பது. வருஷம் திரும்பும்போது நாப்பத்தஞ்சு. டாக்டரு, இந்த நோயில சதை கரையும், முட்டை வெள்ளை குடுங்கன்னாரு. குடுத்தேன்.

நானும் நடுவுல வண்டிய மேடையில ஏத்தினேன். ஏன் ஏத்தினேனு கேக்காதீங்க, கை சும்மா இருக்காது. அதே கால் டேங்கு பெட்ரோலு. அவ அம்பது இருந்தப்ப வண்டி ஆயிரத்து நூத்தி நாப்பது. அவ நாப்பத்தஞ்சு ஆனப்ப நூத்தி நாப்பத்தஞ்சு. ரெண்டையும் ரசீது பின்னாடி எழுதி வச்சு, ஒரு நாளு பக்கத்துல பக்கத்துல பாத்தேன். அங்க அஞ்சு போனா இங்க அஞ்சு வந்திருக்குது.

அன்னிக்கே ஆர்.சி.யில இருந்த பேர வச்சு வேங்கிக்காலுக்குப் போனேன். வண்டிய வித்தவரு கவர்மெண்ட் ஆபீஸ்ல வேலை பாக்குறவரு, புது வீடு. என்னைப் பாத்ததும் யாருனு கேக்கல. எந்த வண்டினு கேக்கல. உக்காருங்கன்னாரு. உள்ள ஒரு கைக்குழந்தை அழுதுகிட்டு இருந்துது.

கல்யாணம் ஆயி எட்டு வருஷம் புள்ள இல்லையாம். மலைய சுத்தினா பொறக்கும்னு பெரியவங்க சொல்லி இருக்காங்க. அவரு வீட்டம்மாவுக்கு மூட்டு வலி, பதினாலு கிலோமீட்டர் நடக்க முடியாது. அதனால புதுசா வாங்கின கார்லயே சுத்துனாங்களாம். பௌர்ணமிக்கு வண்டி விடமாட்டாங்க, அதனால மறுநாளு. ஒவ்வொரு மாசமும். வழியில இருக்கிற லிங்கத்துகிட்ட கூட இறங்கல, கண்ணாடிய இறக்கிட்டு கும்பிட்டுகிட்டே போயிருக்காங்க. ரெண்டாவது வருஷம் அந்த சத்தம் வந்துதாம். ரெண்டு தடவை சென்சார் மாத்திட்டாரு. அப்புறம் பழகிடுச்சுன்னாரு.

"பழகின வண்டிய ஏன் வித்தீங்க?"

"இவ மாசமானா. மாசம் ஏற ஏற எடை ஏறவே இல்ல. அந்த சீட்டுலதான் உக்காருவா." குழந்தை அழுத பக்கம் திரும்பிப் பாத்தாரு. "வித்த அப்புறம் ஏறிச்சு. நான் உங்ககிட்ட சொல்லி இருக்கணும். சொன்னா யாரு வாங்குவாங்க?"

அடிக்கலாம்னு போன கை எழும்பல. குழந்தை இன்னும் அழுதுகிட்டு இருந்துது. எழுந்து வந்துட்டேன்.

வீட்டுல கஸ்தூரிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். நாளைக்கே வண்டிய குடுத்துடறேன், ஆட்டோவே போதும்னேன். அவ முருங்கைக் கீரை உருவிகிட்டு இருந்தா. கேட்டதும் சிரிச்சா. நடந்து போய் கேட்டிருந்தா வயித்துக்கு வந்திருக்கும், வண்டியில உக்காந்து கேட்டாங்க, வண்டிக்கு வந்துடுச்சுன்னா. அது உனக்கு விளையாட்டா இருக்குதானு கத்துனேன். நான் கத்துற ஆளு இல்ல.

"மூணு புள்ளைக்குப் பாலு குடுத்தவ நான்," அப்படின்னா. "வளர்ற புள்ள எங்கயாச்சும் எடுத்துதானே ஆவணும். என்கிட்ட எடுத்துட்டுப் போவட்டும். எனக்கு இனிமே எதுக்கு?"

"எனக்கு வேணும்."

அவ கீரைய எடுத்துகிட்டு உள்ள போயிட்டா.

விக்கலாம்னுதான் பாய்க்கு போன் பண்ணி நடந்ததை சொன்னேன். யாரு வாங்குவாங்க, குடும்பஸ்தன் வாங்குவான், அந்தப் பக்கத்து சீட்டுல யாரு உக்காருவாங்கனு பாய் கேட்டாரு. போன வச்சுட்டேன். வண்டிய உடைக்கப் போடலாம்னு நெனச்சேன். அதுக்கு மனசு வரல. ஏன் வரலனு எனக்கே தெரியல. பின் சீட்டுல உக்காந்தாதான் வண்டி, இல்லனா ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல தனியா போயிக்கோனு கஸ்தூரிகிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன். ஒரு வாரம் பேசல. அப்புறம் பின்னாடி உக்காந்தா.

முன் சீட்டு டிக் டிக்குனு அடிச்சுகிட்டே வரும். அந்தக் கிளிப்ப நான் போடல. முன்னாடி மாதிரி இல்ல அந்த சத்தம், எனக்குக் கேட்டுத் தாங்க முடியல. அவ கண்ண மூடிகிட்டு வருவா, கண்ணுல தண்ணி வரும்.

அவ பின்னாடி உக்காந்து இப்ப ஒரு வருஷம் ஆவுது. தினம் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வண்டிய மேடைக்குப் பின்னாடி நிறுத்துவேன். இடது பக்கத்து சீட்டுல உக்காந்து பெல்ட்ட மாட்டிகிட்டு ஒரு மணி நேரம் இருப்பேன். சத்தம் நின்னுடும். ஒண்ணும் தெரியாது, ஒண்ணும் கேக்காது. எழுந்திரிக்கும்போது மட்டும் தொடை ரெண்டும் மரத்துப் போயிருக்கும். என் புள்ளைங்கள பஸ்ஸுல மடியில வச்சுகிட்டு வேலூர் வரைக்கும் போயிருக்கேன், அந்த மாதிரி.

கஸ்தூரிக்கு சொல்லல. சட்டை ஏன் தொளதொளன்னு இருக்குதுனு கேட்டா. வெயில்ல நிக்கிறேன் இல்லனு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரியில அவ எடை நாப்பத்தஞ்சுலயே நிக்குதாம். டாக்டருக்கு சந்தோஷம், முட்டைதான் வேலை செய்யுதுங்கிறாரு.

நான் எப்பவும் எழுவது. நேத்து சாயந்திரம் லாரி இல்லாத நேரத்துல மேடையில ஏறி நின்னேன்.

அறுவது.