அடுப்புப் பெட்டியின் இரண்டு சுவர்களுக்கு நடுவே

இறைச்சியைப் புகையில் வேகவைக்க நாங்கள் செய்த ஸ்மோக்கரின் அடுப்புப் பெட்டியில் தொண்ணூற்றாறு ரிவெட்டுகள் இருந்தன. நாற்பத்தெட்டை நான் அடித்தேன், நாற்பத்தெட்டை அவன் அடித்தான். சரிபாதி என்று எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டதும் நான்தான்.

அவன் என்று சொல்வது என் கூட்டாளியை. யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாங்கு. இந்தப் பனி நாட்டுக்கு வந்த பிறகு அவன் வீடு திருத்தும் வேலைக்குப் போனான். நான் ஒரு தொழிற்சாலையில் இரும்புப் பாகங்களை அளந்து சரி பிழை பார்த்தேன். இருவருக்கும் இப்போது ஓய்வு, ஆனாலும் தெரிந்தவர்கள் கூப்பிட்டால் அவன் சின்னச் சின்ன வேலைகளுக்குப் போய்வருவான். மோர்னிங்சைட்டில், ஒரே தெருவில், எங்கள் இரண்டு வீடுகளுக்கும் இடையில் பதினொரு வீடுகள் இருக்கின்றன.

பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு ஒருவர் டிரெய்லரில் இழுத்துக்கொண்டு வந்த ஸ்மோக்கரில் ஆட்டுத் தொடை சாப்பிட்ட அன்றுதான் எங்களுக்கு ஆசை பிடித்தது. கையில் எலும்போடு அவன் கேட்டான்: "உதை நாங்கள் செய்யேலாதோ மச்சான்?"

செய்தோம். இறைச்சிக்கு ஒரு பீப்பா. அதன் பக்கத்தில் விறகு எரிய ஒரு தகரப் பெட்டி. இரண்டையும் இணைக்க ஒரு குழாய். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பெட்டியின் தகரம் மெல்லியது. காற்று அடித்தால் வெப்பமானியின் முள் இருநூற்றைம்பது பாரன்ஹீட்டிலிருந்து நூற்றுத் தொண்ணூறுக்கு விழும். விறகை அள்ளிப் போட்டால் முந்நூறுக்கு ஏறும். முதல் தொடை வெளியே கரி, உள்ளே பச்சை. கடைசியில் என் மனைவி அதைத் துண்டு போட்டுக் குக்கரில் வைத்து நாலு விசில் விட்டாள். "புகையும் போட்டாச்சு, விசிலும் விட்டாச்சு, இனிக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரிச்சும் பாப்பமோ?" என்று கேட்டாள்.

பிழை எங்கே என்று எனக்குத் தெரிந்தது. பெட்டிக்கு வெளியே இன்னொரு பெட்டி வேண்டும். இரண்டு சுவர்களுக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி விட்டு, அதற்குள் சூட்டைப் பிடித்து வைக்கும் ஏதாவது ஒன்றை அடைக்க வேண்டும். சூளைகளில் போடுகிற செராமிக் கம்பளிதான் சரி என்று வாசித்து முடிவெடுத்து, வாங்கப் போவதாகச் சொன்னேன்.

"உதுக்குப் போய் ஆரும் காசு குடுப்பினமோ? என்னட்ட சாமான் கிடக்கு" என்றான்.

அடுத்த நாள் தன் வான் வண்டியிலிருந்து நான்கு கறுப்புக் குப்பைப் பைகளை இறக்கினான். பைகளின் வாய்கள் ஒட்டும் நாடாவால் சுற்றிச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. ஒன்றை வெட்டித் திறந்தேன். மிளகளவு சிறு துகள்கள், சாம்பலும் பொன்னும் கலந்த நிறம். ஒன்றை எடுத்து நகத்தால் பிரித்தால் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய அடுக்குகளாக உரிந்தது, வெயிலில் மினுங்கியது.

"என்னடா உது?"

"வெர்மிகுலைட். பழைய வீட்டு அற்றிக்குகளில, கூரைக்குக் கீழ, கொட்டி வைக்கிறது. நெருப்புப் பிடியாது, சூடு விடாது. பூங்கண்டு நடுகிற மண்ணுக்கும் உதைத்தான் கலக்கிறவை."

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இதைப் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

துகள்களோடு நுண்ணிய தூசியும் நிறையக் கிடந்தது. சூட்டைத் தடுப்பது துகள்களுக்கு நடுவே நிற்கும் காற்றுத்தான். தூசி அந்த இடத்தை நிரப்பினால் பலன் குறையும் என்று கணக்குப் போட்டேன். குசினிக்குள் போய், மனைவி புட்டுக்கு மா அரிக்கிற அரிதட்டை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். பின்வளவில் ஒரு பழைய படங்கை விரித்துச் சப்பாணி கொட்டி உட்கார்ந்து நான்கில் இரண்டு பைகளை அரித்தேன். தூசி என் மூக்கிலும் மீசையிலும் படிந்தது. பெட்டியை நிரப்பி, மேல்தகடு போட்டு மூடினோம். மிச்சம் இரண்டு பைகள். "உன்ர கராஜில கிடக்கட்டும். பிறகு பதிஞ்சு இறங்கினா நிரவலாம்" என்றான். அரிதட்டைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டேன்.

நான் அரிக்கும்போது அவன் கேற்றடியில், காற்று வரும் பக்கத்தில் நின்றான். முகத்தில் மாஸ்க் போட்டிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, மரங்களின் பூந்தூள் தனக்கு ஒத்துவராது என்றான். மே மாதம், நானும் நம்பினேன். அதோடு நிற்கவில்லை. "நீ கிட்ட வராத, தள்ளி நில். நான் பாக்கிறன்" என்றும் சொன்னேன்.

ஸ்மோக்கர் பிரமாதமாக வேலை செய்தது. உள்ளே விறகு எரியும்போதே வெளிச்சுவரில் கை வைக்கலாம். முள் இருநூற்றைம்பதில் வைத்தபடி நின்றது. இரண்டு கோடைகள் அதில் சமைத்தோம். விட்பியிலிருந்து மகள் குடும்பத்தோடு வருவாள். அவன் ஓரத்துக் கருகல் துண்டுகளாகத் தெரிந்தெடுத்துத் தின்பான். சாம்பல் அள்ளும்போது சில வேளைகளில் அதில் பொன்னிறமாக ஏதோ மினுங்கும். மூலையில் எங்கோ ஒரு ரிவெட் தளர்ந்திருக்கிறது என்று நினைத்தேனே தவிர வேறொன்றும் நினைக்கவில்லை.

இந்த வசந்தத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மன்னார்ப் பக்கத்து மனிதர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நேரில் பேசிப் பழக்கமில்லை.

"அண்ணை, உங்கட கூட்டாளிக்கு நான் ஒரு நன்றி சொல்லவேணும். ஆளை இண்டைக்குக் காணேல்லை."

"என்னத்துக்கு?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னம் என்ர பழைய வீட்டு அற்றிக்கைத் துப்புரவாக்க வந்தவர். நாலு பை அள்ளினாப் பிறகு அவருக்கே சந்தேகம் வந்திட்டுது. இறங்கி வந்து, 'உதில அஸ்பெஸ்ரோஸ் இருக்கும், தூசி நெஞ்சுக்குள்ள போனாப் புற்றுநோய் வரும், இனி ஒருத்தரும் மேல ஏறாதேங்கோ, பிள்ளையளைக் கிட்ட விடாதேங்கோ' எண்டு சொன்னார். ஆய்வுகூடத்தில குடுத்து ரெஸ்ற் பண்ணினா, அவர் சொன்னது சரி. பிறகு அதுக்கெண்டு இருக்கிற ஆக்கள் வந்துதான் மிச்சத்தை எடுத்தவை. வேற ஆரும் எண்டா வாய் திறந்திருப்பினமோ?"

"அந்த நாலு பையும்?"

"அதைத் தான் பாத்துக்கொள்ளுறன் எண்டு கொண்டு போனவர்."

"அது எந்த மாதம்?"

"பனி கரையேக்க. மார்ச் எண்டு நினைக்கிறன்."

மார்ச்சில் அள்ளியிருக்கிறான். என் வளவில் மே மாதம் இறக்கினான். கையிலிருந்த தேநீரைக் குடித்தேனா வைத்தேனா என்று ஞாபகமில்லை.

வீட்டுக்குப் போய் கராஜ் கதவைத் திறந்தேன். இரண்டு பைகளும் தட்டில் அப்படியே இருந்தன, நாடா சுற்றியபடி. குப்பை வண்டிக்காரர்கள் அவற்றை எடுக்கமாட்டார்கள். வேறெங்கும் கொட்டவும் முடியாது. இரண்டு மாதம் வானில் வைத்திருந்த சாமானுக்கு அவனுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. இதெல்லாம் எனக்கு விளங்கியது. அவன் என்னைப் பற்றி என்ன நினைத்தான் என்பது மட்டும் விளங்கவில்லை. அதைக் கேட்கத்தான் பதினொரு வீடுகளையும் கடந்து போனேன்.

அவன் வீட்டு முன் டிரைவ்வேயில் தன் வானைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"மச்சான், அந்த வெர்மிகுலைட்டில என்ன இருந்தது?"

தண்ணீர்க் குழாயை நிறுத்தாமலே என் முகத்தைப் பார்த்தான். யார் சொன்னது என்று அவன் கேட்கவில்லை. "உது பெரிய விசயமே? ஊரில எங்கட வீட்டுக் கூரை என்ன? அஸ்பெஸ்ரோஸ் சீற். பள்ளிக்கூடக் கூரை? சீற். சீற்றுக்குக் கீழ பிறந்து, சீற்றில விழுந்த மழைத்தண்ணியைப் பிடிச்சுக் குடிச்ச ஆக்கள் நாங்கள். செத்தே போனம்?"

"அப்ப நீ ஏன் மாஸ்க் போட்டனீ?"

"எனக்கு அலர்ஜி."

"இந்த ரெண்டு வருசமும் நீ ஒரு தும்மல் தும்மி நான் காணேல்லை."

அவன் குழாயை வானின் சில்லுப் பக்கம் திருப்பினான்.

"அந்த மன்னார் ஆளுக்குச் சொன்னனீ. பிள்ளையளைக் கிட்ட விடாதேங்கோ எண்டு சொன்னனீ. என்ர பேரப்பிள்ளையள் அந்த வளவுக்கதான் ஓடித் திரியுதுகள். எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"அவன் கஸ்டமர் மச்சான். பிறகு தெரிய வந்தா கேஸ் போட்டிருப்பான்."

"நான்?"

"நீ போடமாட்டாய்தானே."

குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், கொஞ்சம் அன்பாகக்கூடச் சொன்னான். நான் திரும்பி நடந்தேன். பின்னால் "டேய், கோவிக்காத, நில்லு" என்று கேட்டது.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிதட்டு விஷயத்தை மட்டும் கடைசிக்கு வைத்தேன். இரண்டு வருடங்களாக அவள் அரித்த மா, அவித்த புட்டு எல்லாம் கண்ணில் வந்தன. அதையும் சொன்னேன்.

"ஆணியில தொங்கிற அரிதட்டோ? அதில நான் மா அரிச்சனானோ?" என்றாள். "நீங்கள் அதை வளவுக்குக் கொண்டு போனதை யன்னலால பாத்தனான். அடுத்த நாளே புதுசு வாங்கிக் கபேட்டுக்குள்ள வைச்சிட்டன்."

"ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"சொன்னா, 'கழுவினது சுத்தம்தானே' எண்டு ஒரு மணித்தியாலம் விளக்கம் தருவியள்."

குசினியில் என்னென்ன எத்தனை என்று சொல்லக்கூடியவன் நான். இரண்டாவது அரிதட்டை இரண்டு வருடங்களாக எண்ணாமல் விட்டிருக்கிறேன். ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று அந்த ஆறுதல்கூட என்னைக் கொஞ்சம் தள்ளி வைத்தது போலிருந்தது.

பிறகு நடந்தவை சுருக்கம். மகள் தொலைபேசியில் அழுதாள், பிறகு ஏசினாள். வைத்தியர், இவ்வளவு பட்டதற்கு ஏதும் வரும் என்றில்லை, வராது என்று கையெழுத்துப் போடவும் தன்னால் முடியாது என்றார். அதற்கென்று இருக்கிற ஆட்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்போடு வந்தார்கள். பெட்டியைத் திறக்காமல் அப்படியே பிளாஸ்டிக்கில் சுற்றினார்கள். கராஜில் இருந்த பைகளையும் அரிதட்டையும் கொடுத்துவிட்டேன். நான் இருந்து அரித்த இடத்தில் மேல்மண்ணைச் சுரண்டி அள்ளினார்கள். தொண்ணூற்றாறு ரிவெட்டுகளும் போயின. அப்போது அவன் வந்தான். கேற்றடியில், அன்று நின்ற அதே இடத்தில் நின்றான். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நான் உள்ளே கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

பீப்பா மிஞ்சியது. மகள் அதையும் எறியச் சொன்னாள். நான் புதிய பெட்டிக்குத் தகடு வெட்டினேன், செராமிக் கம்பளி வாங்கினேன். இரண்டு சுவர்களையும் பிடித்தபடி ரிவெட் அடிக்க இன்னும் இரண்டு கைகள் வேண்டும். எட்டுக் கிளாம்ப் போட்டு இறுக்கிப் பார்த்தேன், தகடு வழுக்கியது. என் புறுபுறுப்பைக் கேட்டு மனைவி வந்தாள்.

"நான் பிடிக்கிறன். முதல் சொல்லுங்கோ, உது என்ன சாமான்?"

"செராமிக் கம்பளி."

"பேரைக் கேக்கேல்லை. உதால என்ன வரும்?"

கம்பளி வந்த அட்டைப் பெட்டியின் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த எச்சரிக்கைகளை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். தும்பு காற்றில் பறக்கும், மூச்சோடு இழுக்கக் கூடாது. வெறுங்கையால் தொடக் கூடாது. மாஸ்க் கட்டாயம். அவள் இடையில் நிறுத்தவில்லை. முடிந்ததும் உள்ளே போய் இரண்டு மாஸ்க்கும் இரண்டு சோடி கையுறையும் எடுத்துக்கொண்டு வந்து, ஒரு மாஸ்க்கையும் ஒரு சோடியையும் என்னிடம் தந்தாள்.

மேசையில் என் தொலைபேசி அடித்தது. திரையில் அவன் பெயர். அவள் என்னைப் பார்த்தாள். நான் மாஸ்க்கையும் கையுறையையும் போட்டுக்கொண்டு, அவளுக்குத் தகட்டின் எந்த ஓரத்தைப் பிடிக்க வேண்டும் என்று காட்டினேன்.