இஸ்திரிப் பெட்டியும் வற்றாத காவிரியும்

கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். அதனால்தான் இந்தக் கோபத்தைக் காகிதத்தில் இறக்குகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு தெருமுனையில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்க்கிறேன். மகள் ஆற்றைத் தாண்டித் திருச்சியில் ஆறாவது படிக்கிறாள். அவளுடைய அறிவியல் டீச்சர் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு வைத்தார். வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளைப் பார்த்து, கண்டதை மட்டும் எழுத வேண்டும். கேள்விப்பட்டதை எழுதக்கூடாது.

மகள் என் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். மிகவும் சூடாக இருக்கும் என்று எழுதிப் போனாள். "சூடுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் வண்டிப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பெட்டியைக் கவிழ்த்துப் பிடிக்கச் சொல்லி அடித்தகட்டில் தண்ணீர் தெளித்தாள்.

"அப்பா, ஆட்டாதீங்க. துளி எப்படி ஓடுதுன்னு பாக்கணும்."

"கரி ஆறிடும்மா. இவ்வளவு துணி கிடக்கு."

"ஆறட்டும். ஆறினப்புறம் துளி என்ன பண்ணுதுன்னும் பாக்கணும்ல."

பிறகு எழுதினாள்: தெளித்த நீர் முதலில் முத்துப்போல உருண்டு ஓடுகிறது. பெட்டி கொஞ்சம் ஆறிய பின் விழுந்த இடத்திலேயே சுர்ரென்று மறைகிறது. கைப்பிடியில் அப்பாவின் கட்டைவிரல் படும் இடம் மட்டும் கறுத்து வழுவழுப்பாக இருக்கிறது.

அந்த இடத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

டீச்சர் அதைப் படம் எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். சற்று நேரத்தில் ஒருவர் எழுதினார்: இஸ்திரிப் பெட்டியை வேடிக்கை பார்க்கவா ஃபீஸ் கட்டுகிறோம்? கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். எழுதியவர் எதிர் அபார்ட்மெண்ட் சார். அவர் பையனும் அதே வகுப்பு. அவர் சட்டைகள் அப்போது என் வண்டியில்தான் இருந்தன. அடுத்த வாரமே வெள்ளிக்கிழமை வகுப்பை நிறுத்திவிட்டார்கள்.

அவர் துணி வாங்க வந்தபோது எப்படியோ கேட்டுவிட்டேன். "சார், குரூப்ல சொன்னீங்களே, அது என் பொண்ணு எழுதினது."

"அடடா, தெரியாதுப்பா. உன் பொண்ணையா சொன்னேன்? சிலபஸ் முடிய வேணாமா? நாளைக்கு நீட்ல வந்து இஸ்திரிப் பெட்டியா கேப்பான்?" அவரே சிரித்துக்கொண்டார். "ஆபீஸ் சட்டை ரெடியா?"

கொடுத்தேன். காலரில் ஒரு சுருக்கமாவது விட்டிருக்கலாம். கை கேட்கவில்லை.

போன வாரப் பரீட்சையில் காவிரியைப் பற்றிக் கட்டுரை. இரு கரை தொட்டுப் புரண்டோடும் வற்றாத நதி என்று கைடில் இருந்ததை அப்படியே எழுதிவிட்டு வந்திருக்கிறாள். பத்துக்குப் பத்து. தினமும் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டுகிறவள். பங்குனியில் அங்கே மணலும் நாணலும் ஓரமாக ஒரு வாய்க்கால் அளவு தண்ணீரும்தான். திருத்திய ஆசிரியரும் அதே பாலத்தின்மேல்தான் வருகிறார்.

இன்று டியூஷனுக்கு அழைத்துப் போகும்போது சைக்கிளைப் பாலத்தில் நிறுத்தினேன்.

"கீழ பாரு. என்ன தெரியுது?"

"மணல்பா. தெரியும்."

"அப்புறம் ஏன் புரண்டோடுதுன்னு எழுதின?"

"பாத்ததை எழுதினா மார்க் வராதுப்பா. போலாம், லேட்டாகுது."

துளி என்ன செய்கிறது என்று பார்க்கப் பெட்டி ஆறும்வரை உட்கார்ந்திருந்த பிள்ளை, பாலத்துக் கைப்பிடிச்சுவரைத் தாண்டி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்த கண்ணை ஃபீஸ் கட்டி மூடியிருக்கிறோம்.

இதில் ஒரு நகலைப் பள்ளிக்கூடத்தில் கொடுப்பேன். இன்னொன்றை அந்த சாரின் சட்டைகளுக்கு மேல் வைத்துக் கட்டுவேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கட்டும். படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

பங்குனி பதிமூன்று, வெள்ளிக்கிழமை.